எட்டு மணிக்குக் கழுவ வருவார்கள்

— மூணாவது என்ன போட்டிருக்கு, சத்தமாப் படிங்க. நான் ஜன்னல்கிட்ட நிக்கிறேன்.

— நான் படிக்க மாட்டேன்.

— கண்ணாடி மேசை மேல இருக்கு.

— கண்ணாடி பிரச்சினை இல்ல. போட்டிக் கம்பெனிக்காரன் குடுத்த காகிதத்த நான் ஏன் படிக்கணும்? இருபத்திரண்டு வருஷமா ஊர்ல இருக்கற சுவரையெல்லாம் மெஷின் வெச்சுக் கழுவுறவன் நான். இன்னிக்கு என் வீட்டுச் சுவரக் கழுவ இன்னொருத்தன் வர்றான். அவன் வர்றதுக்கு நானே வீட்ட ரெடி பண்ணிக் குடுக்கணும். இந்தக் கொடுமைய எங்க போய்ச் சொல்றது?

— வெளிய போய்ச் சொல்லாதீங்க. மணி ஆறரை. எட்டு மணிக்கு அவங்க வந்துருவாங்க. படிங்க.

— எட்டு மணிக்கு என் வீட்டு வாசல்ல இன்னொருத்தன் வண்டி நிக்கும். எட்டரைக்குள்ள தெருவே பாத்துரும். ஒம்போது மணிக்கு, ‘அவன் வீட்டையே அவன் கழுவல, நம்ம வீட்ட எங்க கழுவப் போறான்’னு பேச ஆரம்பிப்பாங்க. பத்து மணிக்கு என் தொழில் முடிஞ்சுது. அதான் விஷயம்.

— பதினோரு மணிக்கு?

— என்ன?

— பதினோரு மணிக்கு என்ன ஆகும்னு கேட்டேன். இவ்வளவு நேரம் காலம் பாத்துச் சொல்றீங்களே.

— சிரி. நல்லாச் சிரி. கட்டின பொண்டாட்டியே போட்டிக்காரன வீட்டுக்குக் கூப்புட்ட கதைய நான் எங்கயும் கேட்டதில்ல.

— ஏங்க, நான் உங்ககிட்ட எத்தன தடவ சொன்னேன்? பாசி முதல்ல பச்சையா இருந்துச்சு. அப்புறம் கறுப்பாச்சு. இப்ப தடவிப் பாத்தா ஆட்டுக்குட்டி முதுகு மாதிரி இருக்கு. ‘ஞாயித்துக்கிழம கழுவிர்றேன்’னீங்க. வருஷத்துல எத்தன ஞாயிறு வருது?

— எனக்கு வேலை நெருக்கடி.

— சரி விடுங்க. மூணாவது.

— ம்... ‘மூன்று. எல்லா ஜன்னல்களையும் சாத்தித் தாழ்ப்பாள் போடவும். சும்மா சாத்தினால் போதாது.’ பரவால்ல, இத ஒழுங்கா எழுதியிருக்கான்.

— போட்டாச்சு. சமையக்கட்டு, ஹால், ரெண்டு ரூமு.

— பாத்ரூம் வென்டிலேட்டர்?

— அது லிஸ்ட்ல இருக்கா?

— இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? எல்லாரும் மறக்குற எடம் அதுதான். தண்ணி அது வழியாப் பூந்து பல் தேய்க்கிற பிரஷ் வரைக்கும் குளிப்பாட்டிரும். ஒரு வக்கீல் வீட்டுல, அப்பத்தான் குளிச்சுட்டுத் துண்டக் கட்டிக்கிட்டு நின்ன மனுஷன வெளிய இருந்தபடியே இன்னொரு தடவ குளிப்பாட்டினேன். கேஸ் போடாம விட்டாரே, அந்த மனுஷன் நல்லா இருக்கணும்.

— அடுத்த வரியப் பாருங்க.

— ‘நான்கு. பாத்ரூம் வென்டிலேட்டர். எல்லோரும் மறப்பது இதைத்தான்.’

— என்னங்க, காகிதத்த ஏன் இப்படி மொறைக்கிறீங்க?

— திருடியிருக்கான்.

— எத?

— என் லிஸ்ட்ட. நான் கஸ்டமருக்குக் குடுக்குற லிஸ்ட்ல நாலாவது இதுதான்.

— வென்டிலேட்டர் எல்லார் வீட்லயும்தான் இருக்கு. உங்களுக்கு மட்டுமா இருக்கு? போய் அத மூடிட்டு வாங்க. அப்படியே ஒரு பிளாஸ்டிக் பையும் டேப்பும் கொண்டாங்க, வெளிய இருக்கற ப்ளக் பாயிண்டுக்கும் காலிங் பெல்லுக்கும் கட்டணும்.

— மெயின்ல அந்த லைன முதல்ல ஆஃப் பண்ணு. பை கட்டினா மட்டும் போதும்னு நெனைக்கிறது அரைகுறை வேலை.

— அதுவும் அஞ்சாவதுல இருக்கு.

— இருக்கும், இருக்கும். எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டான்.

— டேப்ப ஏன் பல்லால கடிக்கிறீங்க? கையால கிழிச்சா வராதா?

— பசை கெட்டியா இருக்கு. நீயே கிழி. நான் நகம் வெட்டிட்டேன்.

— குடுங்க... இதோ வந்துருச்சு. ஒண்ணும் கெட்டியா இல்லையே.

— நான் இளக்கி வெச்சேன்ல.

— ஆமாமா, நீங்க இளக்கி வெச்சீங்க. ஆறாவது படிங்க.

— ‘ஆறு. தொட்டிச் செடிகளைப் பத்தடி தள்ளி வைக்கவும். நகர்த்த முடியாத செடிகளுக்கு வயிறு முட்டத் தண்ணீர் ஊற்றவும். வயிறு நிறைந்த செடி சோப்புத் தண்ணீரைக் குடிக்காது.’ இந்தா. இந்தா பாத்தியா.

— என்ன?

— இது என் வார்த்தை. ‘வயிறு நெறஞ்ச செடி சோப்பக் குடிக்காது.’ இத இந்த ஊர்ல என்னத் தவிர எவன் சொல்லுவான்?

— செடிக்கு வயிறு இருக்கற சங்கதி உங்களுக்கு மட்டுந்தான் தெரியுமாக்கும்.

— வெளையாடாத. என்கிட்ட ஏழெட்டுப் பேரு வேலை கத்துக்கிட்டுப் போயிருக்கானுங்க. அதுல ஒருத்தன்தான். குட்டையா ஒருத்தன் இருந்தானே, சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கிட்டு. அவனா இருக்கும். நான் பேசப் பேச எழுதிக்கிட்டே இருப்பான்.

— அவன் இப்ப பேக்கரி வெச்சிருக்கான்.

— அப்ப யாரு? நீதான பேசின?

— எங்க பேசினேன்? அவங்க ஃபோனே எடுக்கறதில்ல. மெசேஜ் போட்டா ‘எட்டு மணி’னு பதில் வருது. எட்டுன்னா எட்டுக்கு வருவாங்களாம்.

— ஃபோன் எடுக்காத கம்பெனி ஒரு கம்பெனியா? கஸ்டமர்கிட்டப் பேசாம என்னன்னு சுவரக் கழுவுறது?

— நீங்க பேசிப் பேசித்தானே அந்த மருந்துக்கடைக்காரர் வீட்ல காலைல போய் மத்தியானம் வரைக்கும் மெஷினையே இறக்காம நின்னீங்க. நான் பின்னாடி ஹோஸ் பைப்ப தோள்ல மாட்டிக்கிட்டுத் தேவாங்கு மாதிரி நின்னேன்.

— அது பழைய கதை.

— பழைய கதைதான். ஆளு வெக்க முடியாத காலத்துல எட்டு வருஷம் உங்க கூட வந்தவ நான். அதச் சொல்லிக்கிட்டா திரியுறேன்? சரி, அந்தப் பெரிய தொட்டிய நகர்த்தணும். ஒரு கை புடிங்க.

— உருட்டிக்கிட்டே போலாம். தூக்க வேணாம்.

— எதுக்கு உருட்டணும்? ஆளுக்கொரு பக்கம் புடிச்சா...

— உருட்டலாம்னு சொல்றேன்ல. வேரு அசையக் கூடாது.

— சரி, உருட்டுவோம். உங்களுக்கு வேர் மேல அப்படி ஒரு பாசம்.

— குழாயத் திறந்து பாத்தியா? ஒரு பக்கெட்ட வெச்சு, நிறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாரு. தண்ணி வரத்துக் கம்மியா இருந்தா மெஷின் காத்தக் குடிச்சுப் பம்பு போயிரும்.

— போட்டிக்காரன் மெஷின் போனா உங்களுக்கென்ன?

— மெஷின் என்ன பாவம் பண்ணுச்சு?

— ஒரு நிமிஷத்துக்குள்ள பக்கெட் நெறஞ்சிருச்சு.

— போதும். தாராளம். அந்த மாடிக்குப் போற சுவர் ஓரம் ஒரு வெடிப்பு இருக்கு, அதச் சொல்லணும். அங்க கிட்டக்க வெச்சு அடிச்சா தண்ணி உள்ள எறங்கி நம்ம ரூம்ல மழை பெய்யும்.

— சாக்பீஸால வட்டம் போட்டு வெக்கச் சொல்லியிருக்காங்க. ஏழாவது. சாக்பீஸுக்கு எங்க போறது? ஏங்க? எங்க போயிட்டீங்க?

— இங்கதான். கேட்டுகிட்ட.

— அய்யய்யோ, என்ன பண்றீங்க?

— ஒண்ணுமில்ல. இந்தத் தூண்ல கொஞ்சம் ஒட்டடை இருந்துச்சு. தேய்ச்சு விட்டேன். சும்மா ரெண்டு சொம்பு தண்ணி ஊத்தி...

— ரெண்டு சொம்பா? கேட்டு, தூணு, படி, எல்லாம் தேய்ச்சு வெச்சிருக்கீங்க. கழுவுறதுக்குத்தானே அவங்க வர்றாங்க?

— வர்றவன் முதல்ல பாக்குறது வாசப்படி. தொழில்காரன் வீட்டு வாசப்படி இந்த லட்சணத்துலயா இருக்குன்னு நெனைக்க மாட்டானா?

— கழுவ வர்றவங்களுக்கு முன்னாடியே கழுவி வெக்கிற ஜனங்களப் பத்தி நீங்க எவ்வளவு சிரிச்சிருக்கீங்க. சலூனுக்குப் போறதுக்கு முன்னாடி முடி வெட்டிக்கிட்டுப் போறவங்கன்னு.

— நான் சொன்னது வேற.

— பேங்க் மேனேஜர் வீட்டம்மா முதல் நாளே முன்பக்கச் சுவர பாத்திரம் தேய்க்கிற நார் போட்டுத் தேய்ச்சு, கை எட்டின உயரம் வரைக்கும் வெள்ளையா, அதுக்கு மேல கறுப்பா வெச்சிருந்தாங்களே. வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரிச்சீங்க. இப்ப நம்ம தூணப் பாருங்க. உங்க உயரத்துக்கு ஒரு கோடு தெரியுது.

— சரி, சரி. மிச்சத்தையும் ஏணி போட்டுத் தேய்ச்சுரட்டா?

— தொடப்பத்தக் கீழ வைங்க முதல்ல. டீச்சர் வர்றாங்க, பாத்தா சிரிப்பாங்க.

— ஏன்ப்பா, ரெண்டு பேரும் விடிஞ்சதும் விடியாததுமா வாசல்ல என்ன பண்றீங்க? பக்கத்து வீட்ல நான் ஒருத்தி தூங்க வேண்டாமா?

— மன்னிச்சுக்குங்க டீச்சர். இன்னிக்கு எட்டு மணிக்கு வீட்டுச் சுவரக் கழுவுறாங்க. சாரல் உங்க பக்கம் வரும். கொடியில துணி கிடந்தா எடுத்து வெச்சுருங்க. இந்தப் பக்கத்து ஜன்னல மட்டும் சாத்திக்கங்க.

— ஒரு நிமிஷம். கழுவுறாங்கன்னா? யாரு? உங்க வீட்டுக்காரர்தானே கழுவுறவரு?

— அத அவகிட்டயே கேளுங்க டீச்சர். எனக்கே நேத்து ராத்திரி சாப்பிடுறப்பத்தான் சொன்னா.

— புதுசா ஒரு கம்பெனி வந்திருக்கு டீச்சர். அவங்களக் கூப்பிட்டிருக்கேன்.

— ஓ, அவங்களா? எங்க தங்கச்சி வீட்டுக்குப் போன மாசம் அவங்கதான் வந்தாங்க. பிரமாதம்ப்பா. கூரையிலருந்து வாசல் வரைக்கும், வீடு புதுசா வாங்கின மாதிரி இருக்கு.

— அப்படி என்ன பிரமாதம்? சோப்ப மேலருந்து கீழ அடிச்சிருப்பான். கோடு கோடாத் தெரியும், நல்லாப் பாருங்க.

— நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும், குறுக்க பேசக் கூடாது. நான் பக்கத்துல சேர் போட்டு உக்காந்து பாத்தேன். சோப்பு கீழருந்து மேல. அலசுறது மேலருந்து கீழ. ஒரு கோடு கூட இல்ல. செடிக்கெல்லாம் துணி போத்தி, வெயில் ஏறுறதுக்குள்ள எடுத்தும் விட்டாங்க.

— கீழருந்து மேலயா?

— ஆமா. நான் கூட ஏன்னு கேட்டேன். பதில் இல்ல. ஒரு வார்த்தை பேசல. நெத்தி வரைக்கும் தொப்பி, மூக்கு வாய் மூடி மாஸ்க்கு, பெரிய கண்ணாடி, கணுக்கால் வரைக்கும் மழைக்கோட்டு. என் வகுப்புல அந்த மாதிரி நாலு பேரு இருந்திருந்தா எனக்குத் தொண்டையே போயிருக்காது.

— ஆளு எப்படி இருப்பான்? குட்டையா? சோடாபுட்டிக் கண்ணாடி?

— அதான் மூடியிருந்துச்சுன்னேனே. ஆனா அந்த மெஷினப் பாத்தா எங்கயோ பாத்த ஞாபகம். நீலக் கலரு. ஒரு சக்கரம் மட்டும் சிவப்பு.

— சிவப்பா?

— சிவப்பு. தனியாத் தெரிஞ்சுது. ஏன், உங்களுக்கு மூஞ்சி இப்படி ஆகுது?

— டீச்சர், உங்ககிட்ட சாக்பீஸ் இருக்குமா? சுவர்ல வெடிப்பு இருக்கற இடத்துல வட்டம் போடணும்.

— ரிட்டயராகி நாலு வருஷமாச்சும்மா. ஆனா கைப்பையில ஒண்ணு கிடக்கும், அது இல்லாம எனக்குத் தூக்கம் வராது. இந்தா, புடி. வட்டத்த ஒழுங்காப் போடச் சொல்லு. நான் போய்த் துணிய எடுக்குறேன்.

— போயிட்டாங்களா?

— போயிட்டாங்க. வாங்க, வட்டம் போடுங்க.

— சிவப்புச் சக்கரம். கேட்டியா?

— கேட்டேன்.

— அது நான் போட்ட சக்கரம். பழைய தள்ளுவண்டியிலருந்து கழட்டிப் போட்டது. அந்த மெஷின மெக்கானிக்கிட்டக் குடுத்து, யாராவது கேட்டா வித்துருன்னு சொன்னேன். வித்தாச்சுன்னான், யாருக்குன்னு சொல்லல. என் மெஷின். என் லிஸ்ட்டு. என் வார்த்தை. சோப்பு கீழருந்து மேல போற என் முறை. இன்னும் என்ன மிச்சம்? என் கஸ்டமர்தான் மிச்சம்.

— ம்.

— என்ன ம்?

— கஸ்டமரும்தான்.

— புரியல.

— டீச்சர் தங்கச்சி முதல்ல உங்களுக்குத்தான் ஃபோன் பண்ணாங்க. நான்தான எடுப்பேன். உங்ககிட்டக் கேட்டேன். ‘எனக்கு நேரமில்ல, வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு’ன்னீங்க. பாத்துக் குடுத்தேன்.

— நீயா?

— அந்தப் புது நம்பரக் குடுத்தேன். தங்கச்சிக்கு மட்டுமில்ல. மர டிப்போ, கண் டாக்டர் வீடு, அந்த ரெட்டை மாடி வீடு. மூணு மாசத்துல இருபது பேருக்கு மேல.

— என் வீட்டு ஃபோன்ல இருந்து, என் கஸ்டமர, என் பொண்டாட்டி, போட்டிக்காரனுக்கு அனுப்பியிருக்கா.

— சத்தமா சொல்லாதீங்க, டீச்சர் சேர் போட்டு உக்காந்துருவாங்க.

— சிரிக்கிற விஷயமா இது? ஏன்டி பண்ணின? நான் என்ன பண்ணினேன் உனக்கு?

— ஒண்ணும் பண்ணல. அதான் விஷயம்னு நீங்க சொல்லுவீங்களே, அதேதான். இந்தாங்க, இந்த செருப்பு ஸ்டாண்ட உள்ள வெக்கணும். ஒவ்வொண்ணா எடுத்துக் குடுக்குறேன், வாங்கிக்கங்க. இது என்னது?

— என் பூட்ஸ்.

— இருபத்திரண்டு வருஷமா சாயங்காலம் நான் இதுக்குள்ள பழைய பேப்பரச் சுருட்டி வெக்கிறேன். காலைல எடுத்தா பேப்பர் ஊறிக் கூழா இருக்கும். நாலு மாசமா நான் வெச்ச பேப்பர் மடிப்புக் கலையாம வருது. நேத்து வெச்ச பேப்பர எடுத்து உக்காந்து படிச்சேங்க. ஒரு எழுத்து அழியல. தினம் ஏழரைக்கு வேன எடுத்துட்டுப் போறீங்க. அஞ்சு மணிக்கு வர்றீங்க. பூட்ஸ் நனையல, சட்ட நனையல. எந்த ஊர்லங்க சுவர ஊதிக் கழுவுறாங்க?

— லைப்ரரிக்குப் போறேன்.

— தெரியும்.

— எப்படித் தெரியும்?

— சட்டப் பையில புத்தகச் சீட்டு இருந்துச்சு. ஒரே புத்தகத்த மூணு தடவ புதுப்பிச்சிருக்கீங்க. அப்படி என்ன புத்தகம்?

— கடல் பத்தி. படிக்கல. திறந்து வெச்சுக்கிட்டு ஜன்னலப் பாப்பேன். அங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

— நானும் கேக்கலையே. மூணு டம்ளர் ஒடஞ்சுச்சு. கேட்டேனா? சட்ட பட்டன் போட அஞ்சு நிமிஷம் ஆகுது. கேட்டேனா? உங்க வாயால வரட்டும்னு இருந்தேன். வரல. அதான் இன்னிக்கு இந்தக் கம்பெனிய வரச் சொன்னேன். இப்பவாவது சொல்லுங்க.

— விரல்.

— ம்.

— நுனி வெள்ளையாயிரும். முதல்ல ரெண்டு விரல், அப்புறம் நாலு. மரக்கட்ட மாதிரி. தண்ணி பீச்சுற துப்பாக்கியப் புடிச்சா பத்து நிமிஷத்துல கையில என்ன இருக்குன்னே தெரியாது. டாக்டர் சொன்னாரு, இத்தன வருஷ மெஷின் அதிர்வு நரம்ப அடிச்சிருச்சாம். இனிமே புடிச்சா உள்ளதும் போயிருமாம்.

— டாக்டர்கிட்ட தனியாப் போனீங்களா?

— தனியாத்தான். அதுக்கும் முன்னால ஒண்ணு நடந்துச்சு. மருந்துக்கடைச் சுவர் கழுவுறப்ப துப்பாக்கி கையிலருந்து நழுவிருச்சு. ஹோஸு பாம்பு மாதிரி எந்திரிச்சு ஆடுது. பைய வெச்சுக்கிட்டு ஒரு அம்மா நடந்து வர்றாங்க. அவங்க பை மேல பட்டுத் தக்காளியெல்லாம் ரோடு பூரா. அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. சிரிச்சுட்டுக் கூடப் போனாங்க. முகத்துல பட்டிருந்தா கண்ணு போயிருக்கும். அன்னிக்கோட தொழில ஏறக் கட்டினவன்தான்.

— என்கிட்டச் சொல்லியிருக்கலாம்.

— என்னன்னு சொல்றது? கழுவுறத விட்டா எனக்கு என்ன தெரியும்? நம்ம வீட்டுச் சுவர ஏன் கழுவலன்னு கேட்டுக்கிட்டே இருந்தியே. ஒரு ஞாயித்துக்கிழம நீ கடைக்குப் போனப்ப மெஷின எடுத்தேன். அந்தப் பின்பக்கம், தண்ணித் தொட்டிக்குக் கீழ, ஒரு அடி வெள்ளையா இருக்கு பாரு. அவ்வளவுதான் முடிஞ்சுது. அப்புறம் ஒரு பூந்தொட்டிய முன்னால நகர்த்தி மறைச்சேன்.

— பாத்தேன். நான் நெனச்சேன், ஏதோ பூனை நக்கியிருக்குன்னு.

— இப்பவும் சிரிக்கிற.

— அழுதா நீங்களும் அழுவீங்க. அப்புறம் செருப்பு ஸ்டாண்ட யாரு உள்ள வெக்கிறது? வாங்க, இந்தப் படியில கொஞ்சம் உக்காருங்க. கையக் குடுங்க. ஐயோ, ஐஸ் மாதிரி இருக்கு.

— தண்ணியில அளைஞ்சேன்ல. தூணத் தேய்ச்சப்ப.

— போட்டிக்காரனுக்குப் பயந்து தூணத் தேய்ச்ச கை. நல்லாத் தேய்க்கிறேன் இருங்க. இப்ப தெரியுதா?

— கொஞ்சம்.

— ரெண்டு நிமிஷம் இப்படியே இருங்க... இப்ப?

— தெரியுது. ஆனா ஒண்ணு கேக்குறேன். எல்லாந் தெரிஞ்சும் எதுக்கு அவன வாசலுக்கே வர வெக்கிற? நான் ஒழிஞ்சேன்னு தெருவுக்குத் தண்டோரா போடவா?

— லிஸ்ட்ல கடைசி வரியப் படிச்சீங்களா?

— பத்து வரைக்கும் படிச்சேன். கால்மிதிய எடுக்கணும், கதவடியில துண்டச் சுருட்டி வெக்கணும், லெட்டர் பெட்டியில கடுதாசி இருந்தா எடுக்கணும்.

— பதினொண்ணு இருக்கு. பின்பக்கம்.

— ‘பதினொன்று. சுவரைப் பார்த்ததும் அது எவ்வளவு அழுத்தம் தாங்கும், எந்தக் கறைக்கு எந்த சோப்பு, எங்கே கை வைக்கக் கூடாது என்று சொல்லத் தெரிந்த ஒருவர் எங்களுக்குத் தேவை. கருவியைத் தூக்க வேண்டியதில்லை. கூட நின்று சொன்னால் போதும்.’ இது வீட்டுக்காரனுக்கு எழுதினதா? ஆள் தேவைன்னு விளம்பரம் மாதிரில்ல இருக்கு.

— விளம்பரம்தான். அவங்களுக்குச் சில சுவர் புரிய மாட்டேங்குதாம். அந்த ரெட்டை மாடி வீட்டுல பழைய பெயிண்டு ஒரு கையகலம் உரிஞ்சு வந்துருச்சாம். வீட்டுக்காரர்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வந்தாங்களாம்.

— உரியத்தான் செய்யும். அது பழைய சுண்ணாம்புப் பூச்சு மேல அடிச்ச பெயிண்டு. ரெண்டடி தள்ளி நின்னு விசிறி மாதிரி அடிக்கணும். கிட்டக்கப் போனா உரிச்ச வெங்காயந்தான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...

— யாருகிட்டச் சொல்றது? நீங்க கடல் படிச்சுக்கிட்டு இருந்தீங்க.

— ஆக, இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் போட்டிக்காரனுக்குக் கீழ வேலைக்குப் போகச் சொல்ற.

— கீழ இல்ல. பக்கத்துல.

— நான் கத்துவேன். வேலையத் தப்பாப் பண்ணினா எனக்கு வாய் நிக்காது.

— கத்துங்க. அவங்க தாங்குவாங்க.

— மெஷின எப்படி வெச்சிருக்கான்னு பாப்பேன். அந்தச் சிவப்புச் சக்கரத்துக்கு எண்ணெய் போடலன்னா அப்பவே திரும்பிருவேன்.

— போட்டிருப்பாங்க.

— முதல்ல அந்தப் பின்பக்கம். வெயில் வர்றதுக்குள்ள சோப்பு காயாம முடிக்கணும். அப்புறம் தொட்டித் தண்ணி வழிஞ்ச கறை, அதுக்குச் சாதா சோப்பு கேக்காது. நான் கலந்து குடுக்குறேன். கலக்குறதுக்கு இந்தக் கை போதும்.

— அப்ப சரின்னு சொல்றீங்க.

— சரின்னு சொல்லல. இன்னிக்கு ஒரு நாள் பாக்குறேன்னு சொல்றேன்.

— அது போதும்.

— மணி என்ன?

— எட்டு.

— எட்டுன்னா எட்டுக்கு வருவாங்கன்ன. தெருக்கோடி வரைக்கும் பாத்தாச்சு, ஒரு வண்டியக் காணோம். இதுதான் உன் கம்பெனி லட்சணமா? இன்னும் வரலையே.

— வந்தாச்சுங்க. நம்ம வேன் சாவிய இப்படிக் குடுங்க, மெக்கானிக் ஷெட்டுல இருந்து மெஷின எடுத்துட்டு வந்துர்றேன். மூணு மாசமா வாடகை வண்டியில ஏத்தி இறக்கியே என் தோள் போச்சு.